வீட்டுக் கணினிக்குக் காப்பு நகல்: எதில் எடுப்பது, எங்கே வைப்பது?

செங்கோட்டையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சாரல் அடிக்கும் ஆனி, ஆடியிலும் இடி முழங்கும் ஐப்பசியிலும் கடையில் கூட்டம் அதிகம். தென்காசியிலிருந்து வருவார்கள், புளியரையிலிருந்து வருவார்கள், மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்து ஆரியங்காவிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். மேசையில் லேப்டாப்பை வைத்ததும் பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான்: "அண்ணாச்சி, மெஷின் போனால் போகட்டும். உள்ளே இருந்த போட்டோ கிடைக்குமா?"

கிடைக்கும் என்றால் முகம் மலர்ந்து அடுத்த கேள்வி வரும். "இனிமேல் எதில் எடுத்து வைப்பது? ஹார்ட் டிஸ்க் நல்லதா, எஸ்எஸ்டி நல்லதா? டிவிடி போட்டுவிட்டால் கெடாதாமே? எல்லாவற்றையும் கூகுளில் ஏற்றிவிட்டால் போதுமா?" நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் பதில் இதற்கு இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாகாத ஊடகம் எதுவும் கிடையாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சாகும். ஒரே காரணத்தால் சாகாத இரண்டைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த ஒரு கண்ணோட்டத்தில்தான்.

## முதலில் அளவுகோல்கள்

எது போனால் திரும்ப வராது? 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது ஏராளமான வீடுகளில் ரேஷன் அட்டை, பத்திரம், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் நனைந்து கூழாயின. அரசு அதாலத் என்ற சிறப்பு முகாம் நடத்தி அவற்றைத் திரும்ப வழங்கியது. தாத்தாவின் புகைப்படத்துக்கு அப்படி ஓர் அதாலத் கிடையாது. அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் திரும்பக் கிடைக்கும் ஆவணத்தையும், இணையத்திலிருந்து மீண்டும் இறக்கிக்கொள்ளக்கூடிய சினிமாவையும் பட்டியலின் அடியில் தள்ளுங்கள். குடும்பப் படங்கள், குரல் பதிவுகள், நீங்கள் எழுதியவை, கடைக் கணக்கு ஆகியவை மேலே வரட்டும்.

எவ்வளவு? இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள். என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன்: படங்கள் 140 ஜிபி, வீடியோ 230 ஜிபி, ஸ்கேன் செய்த ஆவணங்கள் 8 ஜிபி. மொத்தம் 378 ஜிபி. ஒப்பீடு முழுவதும் இந்த எண்ணையே வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண் இதில் பாதியாக இருந்தால் நேரத்தையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

எதனால் சாகும்? இதை நான் இழப்பில்தான் கற்றேன். அப்பாவின் கடைசி ஆண்டில் அவரைப் பேசவைத்துப் பதிவு செய்தேன். திருவிதாங்கூரில் செங்கோட்டை இருந்த காலத்துக் கதைகள், மலைக்கு இருபுறமும் கிளை பிரிந்த சொந்தங்கள் என்று பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். கணினியில் ஒரு நகல், பக்கத்திலேயே வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல். இரண்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். ஓர் ஐப்பசி மாலை, நான் வெளியே போயிருந்த நேரத்தில் மின்னல் இறங்கியது. கணினி, அதில் செருகியிருந்த டிஸ்க், மோடம் மூன்றும் ஒரே நொடியில் போயின. அக்காவுக்குப் புனலூருக்கு வாட்ஸ்அப்பில் எப்போதோ அனுப்பியிருந்த பதினோரு நிமிடத் துண்டு மட்டும் மிஞ்சியது. அப்பாவின் குரல் இன்று எங்களிடம் இருப்பது அந்தப் பதினோரு நிமிடம்தான். நகல் எத்தனை என்று எண்ணியிருந்தேன். அவை எல்லாம் ஒரே பிளக்கில் தொங்குகின்றனவா என்று பார்க்கவில்லை.

ஐந்து ஆண்டுக்கு என்ன ஆகும்? இன்று பில்லில் இருக்கும் தொகை மட்டும் விலை ஆகாது. மாதச் சந்தா, மாற்ற வேண்டிய டிஸ்க், படிக்கத் தேவைப்படும் கருவி, உட்கார்ந்து நகலெடுக்கும் உங்கள் நேரம் எல்லாமே விலைதான்.

திரும்ப எடுப்பது யார்? நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டில் இருப்பவர்களால் திறக்க முடியுமா? இந்த அளவுகோலை யாரும் கேட்பதில்லை. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

## கையடக்க ஹார்ட் டிஸ்க்

உலகின் முதல் ஹார்ட் டிஸ்கை ஐபிஎம் நிறுவனம் 1956 செப்டம்பரில் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதிதான் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. இரண்டு அடி அகலத் தட்டுகள் ஐம்பதை அடுக்கிய அந்த எந்திரத்தில் 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். இன்றைய கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு படம் அதை நிரப்பிவிடும். அளவு எத்தனையோ மடங்கு பெருகிவிட்டாலும் அடிப்படை மாறவில்லை. சுழலும் தட்டு, அதன்மேல் முடியிழையைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கும் தலை, காந்தப் பதிவு.

வீட்டுக்கு இதுதான் முதல் தேர்வு என்பது என் கருத்து. கொள்ளும் ஒவ்வொரு ஜிபிக்கும் கொடுக்கும் விலை இதில்தான் குறைவு. 378 ஜிபியும் ஒரே டிஸ்கில் அடங்கி, இன்னும் பாதிக்கு மேல் இடம் மிச்சமிருக்கும். கணினியில் நீல நிற யுஎஸ்பி துளை இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் முதல் நகல் முடிந்துவிடும். பெரிய வீடியோக்கள் வேகமாகப் போகும். ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள்தான் நேரம் தின்னும். 1 டிபி, அதாவது 1000 ஜிபி, வாங்கினால் கணினியில் 931 ஜிபி என்று காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

சாவது எதனால்? விழுந்தால் சாகும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் நிச்சயம் போல. போன மாதம் ஓர் அக்கா கொண்டுவந்த டிஸ்கைக் காதருகே வைத்துக் கேட்டேன். டக்... டக்... டக். தலை தன் இடத்தைத் தேடித் தேடித் திரும்புகிற ஓசை அது. "மறுபடி மறுபடி செருகிப் பார்த்தேன் தம்பி, அப்போதாவது வரும் என்று," என்றார். ஒவ்வொரு முறை செருகும்போதும் முறிந்த தலை தட்டைச் சுரண்டியிருக்கும். இந்த ஓசை கேட்டால் உடனே பிடுங்கிவிட்டுப் பேசாமல் வைத்துவிடுங்கள். தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்தால் மட்டுமே முடியக்கூடிய வேலை அது. கட்டணம் டிஸ்க் விலையைப்போலப் பல மடங்கு வரும். என் கடையில் அதைச் செய்ய முடியாது. எந்தத் தெருக்கடையும் திறந்து பார்க்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று உண்டு. இப்போது வரும் கையடக்க டிஸ்குகள் பலவற்றில் யுஎஸ்பி முனையை டிஸ்கின் பலகையிலேயே நேரடியாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். முனை ஆட்டம் கண்டால், டிஸ்க் நன்றாக இருந்தும், கழற்றி வேறு பெட்டியில் பொருத்திப் படிக்க முடியாது. கேபிளை இழுத்துப் பிடுங்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். இன்னும் சில மாதிரிகளில் தடங்களை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள். நீண்ட நேரம் எழுதும்போது திடீரென்று வேகம் படுத்துவிடும். பழுது என்று பயப்படாமல் விட்டுவிட்டால் தானே எழுதி முடிக்கும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு சொல்: ஈரம். சாரல் காலத்தில் சுவரே வியர்க்கிறது. மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு டிஸ்கை வையுங்கள். அரிசிப் பானையில் புதைக்க வேண்டாம். அரிசித் தூசி முனைக்குள் போகும். வெள்ளத்தில் மூழ்கிய டிஸ்க் கையில் கிடைத்தால் வெயிலில் காயவைத்துச் செருகிப் பார்க்கக்கூடாது. உள்ளே புகுந்த சேறு காய்ந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் கட்டி மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் வழி.

ஐந்து ஆண்டு ஆன டிஸ்கை, நன்றாக ஓடினாலும், ஒரே நம்பிக்கையாக வைத்திருக்காதீர்கள். புதியது வாங்கி நகலெடுத்துவிட்டுப் பழையதைக் கூடுதல் நகலாக வைத்துக்கொள்ளலாம்.

## வெளி எஸ்எஸ்டி

வேகம் வேண்டுமென்றால் இதற்கு இணை இல்லை. ஓடும் பாகம் கிடையாது, விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகள் மண்டபத்திலிருந்து திரும்பும் வழியிலேயே பதிவை இரண்டாவது இடத்துக்கு மாற்ற இதைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது சரி.

பீரோவில் பூட்டி ஐந்து ஆண்டு மறந்துவிடுவதற்கு இது சரியில்லை. எஸ்எஸ்டியில் பதிவு என்பது நுண்ணிய அறைகளில் அடைத்துவைத்த மின்னேற்றம். மின்சாரம் காட்டாமல் வைத்தால் அது மெல்ல மெல்லக் கசியும். சூடு கூடினால் கசிவும் கூடும். ஜெடெக் என்ற தொழில் அமைப்பின் தரவிதி, ஆயுள் முழுதும் எழுதித் தேய்ந்துபோன வீட்டு வகை எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஓராண்டு தாங்கினால் போதும் என்கிறது. தேயாத புதியது அதைவிட நெடுங்காலம் தாங்கும். இருந்தாலும் சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் அலமாரி 30 டிகிரியில் நிற்பதில்லை.

இன்னொரு குணமும் உண்டு. ஹார்ட் டிஸ்க் சாகுமுன் பெரும்பாலும் முனகும், தயங்கும், அடையாளம் காட்டும். எஸ்எஸ்டி பல நேரம் நேற்றுவரை ஓடிவிட்டு இன்று காலையில் கணினிக்கே தெரியாமல் போய்விடும். தவறி அழித்த கோப்பை ஹார்ட் டிஸ்கிலிருந்து மீட்டுக் கொடுத்திருக்கிறேன். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை அது உடனே துடைக்கத் தொடங்கிவிடுவதால் அந்த வாய்ப்பு அரிது.

கணினிக்கு உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் உள் சேமிப்பு தானாகவே பூட்டப்பட்டு வருகிறது. மதர்போர்டு போனால் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் தொடங்கியது என்பதையே மறந்தவர்கள் வாரம் ஒருவராவது வருகிறார்கள். இன்று இரவே அந்தச் சாவியைத் தேடித் தாளில் எழுதிவையுங்கள்.

## பென் டிரைவும் மெமரி கார்டும்

எடுத்துப்போக மட்டும். எடுத்துவைக்க அல்ல. அடிப்படை எஸ்எஸ்டியைப் போன்றதே, ஆனால் அதைவிடத் தரம் குறைந்த சில்லுகள். திருவிழாக் கடையிலும் இணையத்திலும் நம்ப முடியாத விலைக்கு 1 டிபி, 2 டிபி என்று விற்பவற்றில் போலிகள் மலிந்திருக்கின்றன. கணினியில் 1 டிபி என்றே காட்டும். உண்மையில் இருக்கும் 32 ஜிபி நிறைந்ததும், பிறகு எழுதுவது எல்லாம் காற்றில் போகும். நகலெடுக்கும்போது பிழை வராது, திறக்கும்போதுதான் தெரியும். சந்தேகமிருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுதும் எழுதிப் படித்துப் பாருங்கள்.

## டிவிடி, ப்ளூரே

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு முன் துணிப்பை நிறைய டிவிடி கொண்டுவந்தார். 2007இல் தொடங்கி, பிள்ளைகளின் ஆண்டு விழாக்களை ஒழுங்காகத் தேதி எழுதி, 43 தட்டுகளாகப் போட்டு வைத்திருந்தார். ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் பாசி படர்ந்ததுபோல வெண்கோடுகள் கிளைவிட்டிருந்தன. பூஞ்சை. சிலவற்றில் கண்ணுக்குத் தெரிய எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் பதிவைத் தாங்கும் சாயம் மங்கிப் படிக்க முடியவில்லை. 43இல் 29 தட்டுகளைக் காப்பாற்றினோம். பட்டியலில் 2009 என்று எழுதியிருந்த இரண்டும் போனதும் அவர் எதுவும் பேசாமல் அந்த இரண்டை மட்டும் திரும்ப உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எழுதக்கூடிய சாதாரண டிவிடியில் பதிவு ஒரு கரிமச் சாயத்தில் இருக்கிறது. ஒளி, சூடு, ஈரம் மூன்றும் அதற்குப் பகை. கொள்ளளவு 4.7 ஜிபி. என் 378 ஜிபிக்கு எண்பதுக்கு மேற்பட்ட தட்டுகள் வேண்டும். தட்டுக்குக் கால் மணி நேரம் என்றாலும் இருபது மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து தட்டு மாற்ற வேண்டும். யார் செய்வார்கள்? முதல் முறை ஆர்வமாகச் செய்வோம், இரண்டாம் ஆண்டு விட்டுவிடுவோம். 25 ஜிபி ப்ளூரேயில் 16 தட்டு போதும். எம்-டிஸ்க் என்று கற்படலம் போன்ற அடுக்கில் பொறிக்கும் வகையும் உண்டு. ஆயிரம் ஆண்டு தாங்கும் என்று அதை உருவாக்கியவர்கள் சொல்கிறார்கள். தட்டு தாங்கினாலும் அதைப் படிக்கும் கருவி? புதிய லேப்டாப்புகளில் தட்டு செருகும் இடமே இல்லாமல் போய் ஆண்டுகள் ஆகின்றன.

இருந்தும் இதை முற்றாகத் தள்ளிவிட மாட்டேன். ஒருமுறை எழுதிய தட்டை வைரஸ் அழிக்க முடியாது, மின்னலும் தொடாது. 8 ஜிபி ஆவணங்களும் மிகச்சிறந்த ஐந்நூறு படங்களும் ஒரே ஒரு எம்-டிஸ்க் ப்ளூரேயில் இருப்பது நல்ல மூன்றாம் நகல். எழுதும் கருவி வைத்திருப்பவர்கள் செய்யட்டும். இதற்காகவே கருவி வாங்கச் சொல்ல மாட்டேன்.

## கிளவுட் சேமிப்பு

கிளவுட் என்பது இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினியில் ஏற்றி வைப்பது. உங்கள் வீட்டு மின்னல், வெள்ளம், திருட்டு, கீழே விழுதல் எதுவும் தொடாத இடம். இந்த ஒரு நன்மைக்காகவே ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சமாவது வேண்டும் என்பேன். ஆனால் எதைக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்து வாங்குங்கள்.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, மின்னஞ்சலுக்கும் டிரைவுக்கும் படங்களுக்கும் சேர்த்து. படங்களை அளவில்லாமல் ஏற்றலாம் என்ற சலுகை 2021 ஜூன் 1 முதல் இல்லை. மைக்ரோசாஃப்ட்டும் ஆப்பிளும் இலவசமாகத் தருவது 5 ஜிபி. 378 ஜிபிக்குச் சந்தா கட்டியே ஆக வேண்டும். மாதத் தொகை சிறியதாகத்தான் தெரியும். ஐந்து ஆண்டுக்கு அறுபதால் பெருக்குங்கள். பக்கத்தில் ஒரு ஹார்ட் டிஸ்கின் விலையை எழுதுங்கள். பிறகு முடிவெடுங்கள். சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சேரும்போதே படித்துவிடுங்கள்.

நேரக் கணக்கும் உண்டு. ஏற்றும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால் 378 ஜிபி ஏற மூன்றரை நாள், இடைவிடாமல். 2 மெகாபிட்தான் கிடைக்கிறது என்றால் பதினேழு நாளுக்கு மேல். விளம்பரத்தில் போட்டிருப்பது இறங்கும் வேகம். ஏறும் வேகத்தைத் தனியாகக் கேளுங்கள்.

மிகப் பெரிய தவறான நம்பிக்கை: ஒத்திசைவும் காப்பு நகலும் ஒன்று என்பது. கணினியில் அழித்தால் கிளவுடிலும் அழியும், அதுதான் ஒத்திசைவின் வேலை. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு போய்விடும். பேரன் விளையாட்டாக அழித்த ஃபோல்டரை நாற்பதாவது நாள் தேடிய தாத்தாவுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றேன்.

எல்லையோரத்துக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. கிழக்கே இருப்பவர் ரப்பர் வேலைக்கு மேற்கே போனால் அங்கே ஒரு சிம் வாங்குவார். அந்த எண்ணில் கூகுள் கணக்கு திறப்பார். வேலை முடிந்து ஊர் திரும்பியதும் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மாட்டார். சில மாதத்தில் எண் முடங்கி, பிறகு வேறொருவருக்குப் போய்விடும். கைப்பேசி தொலைந்து புதியது வாங்கிக் கணக்கைத் திறக்கப் போனால், உறுதிப்படுத்தும் எண் அந்த யாரோ ஒருவருக்குப் போகும். ஆறு ஆண்டுப் படங்கள் கண்ணெதிரே இருக்கும், தொட முடியாது. மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். கூடவே இன்னொன்று: இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியிருக்கிறது. இறந்துபோன அம்மாவின் கணக்கில் இருக்கும் படங்களை இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள்.

## வீட்டுக்குள் சேமிப்புப் பெட்டி

நாஸ் என்ற பெட்டியில் இரண்டு டிஸ்க் போட்டு, வீட்டில் எல்லோருடைய கைப்பேசியும் கணினியும் வைஃபை வழியாகத் தானே நகலெடுக்கும்படி செய்யலாம். நான்கைந்து பேர் தனித்தனிக் கணினி வைத்திருக்கும் வீட்டுக்கும், ஸ்டுடியோவுக்கும் நல்லது. ஒரு டிஸ்க் போனாலும் மற்றது தாங்கும். ஆனால் அது காப்பு நகல் ஆகாது. இரண்டு டிஸ்கும் ஒரே பெட்டியில், ஒரே மின்சாரத்தில். தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். பெட்டி, டிஸ்குகள், யுபிஎஸ், கவனித்துக்கொள்ளும் ஒருவர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஒரே கணினி இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். காந்த நாடா பற்றியும் சிலர் கேட்கிறார்கள். நாடா மலிவு, அதை எழுதும் கருவி வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

## ஒரே பார்வையில்

| ஊடகம் | எதனால் சாகும் | 378 ஜிபி முதல் நகலுக்கு | மறைந்த செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| ஹார்ட் டிஸ்க் | விழுதல், மின்னல், தேய்மானம் | 2–3 மணி நேரம் | ஐந்து ஆண்டில் மாற்றுதல், மீட்புக் கட்டணம் | எல்லா வீடுகளுக்கும் முதல் நகலாக |
| எஸ்எஸ்டி | மின்னேற்றக் கசிவு, திடீர்ச் செயலிழப்பு | ஒரு மணி நேரத்துக்குள் | அதிக விலை, மீட்பது அரிது | அன்றாடம் எடுத்துச் செல்பவருக்கு |
| பென் டிரைவ் | தரக்குறைவு, போலி, தொலைதல் | பொருந்தாது | இழப்பு தாமதமாகத் தெரிதல் | கோப்பு கொண்டுபோக மட்டும் |
| டிவிடி, ப்ளூரே | ஈரம், பூஞ்சை, ஒளி, கருவி மறைதல் | 80க்கு மேல் அல்லது 16 தட்டுகள் | உங்கள் நேரம் | மிகச் சில பொக்கிஷங்களுக்கு மூன்றாம் நகல் |
| கிளவுட் | கணக்கு முடக்கம், சந்தா, ஒத்திசைவு அழிப்பு | 3½ முதல் 17 நாள் | முடிவில்லாத கட்டணம் | ஊர்விட்டு ஊர் இருக்கும் நகலாக |
| நாஸ் | மின்னல், தவறான அழிப்பு | வைஃபையைப் பொறுத்து | யுபிஎஸ், பராமரிப்பு | பல கணினி உள்ள வீடு, ஸ்டுடியோ |

## யார் எதை எடுப்பது

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி இத்துறையில் எல்லோரும் சொல்வது: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். நம் வீடுகளுக்கு அதை இப்படிச் செய்யலாம்.

இணையம் மெதுவாக இருந்து, கையில் பணமும் குறைவாக இருந்தால் ஒரே அளவில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று வீட்டில், ஒன்று சொந்தக்காரர் வீட்டில். எங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது. ஓணத்துக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போது புதிதாக நகலெடுத்த டிஸ்க் துண்டில் சுற்றிப் பையில் வரும். ரயில் பதிமூன்று கண் பாலத்தைச் சுற்றி மலை இறங்கிப் புனலூரில் விடும். அத்தானிடம் அதைக் கொடுத்துவிட்டு அங்கே இருந்த பழையதை வாங்கி வருவேன். பொங்கலுக்கு அவர்கள் வரும்போது மறுபடி மாற்றிக்கொள்வோம். சந்தா கிடையாது. இங்கே இறங்கும் மின்னல் அங்கே இறங்காது. வேறு வீட்டில் வைப்பதால் டிஸ்கைக் கடவுச்சொல்லால் பூட்டுகிறோம். விண்டோஸ் புரோ இருந்தால் பிட்லாக்கர், இல்லையென்றால் வெராகிரிப்ட். கடவுச்சொல்லை மறந்து, பிட்லாக்கர் தரும் மீட்புச் சாவியும் இல்லையென்றால் திறக்க யாராலும் ஆகாது, கடவுச்சொல்லை இருவராவது அறிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் வெளியூரிலும் வளைகுடாவிலும் இருக்க, பெற்றோர் மட்டும் வீட்டில் இருந்தால்: ஒரு ஹார்ட் டிஸ்க், கூடவே சந்தா கட்டிய கிளவுட். கட்டணத்தையும் மீட்பு எண்ணையும் பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில் இருந்தபடி கணக்கெழுதுபவர், பத்திரம் தட்டச்சு செய்பவர் ஆகியோருக்கு அளவு சிறியது, ஆபத்து பெரியது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது கேரளத்தில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள்கூடப் பூட்டப்பட்டன. அப்படிப்பட்ட வைரஸ் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டும். எனவே அன்றன்று கிளவுடுக்கும், வாரம் ஒருமுறை ஹார்ட் டிஸ்குக்கும். நகல் முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும். இது வைரசுக்கும் மின்னலுக்கும் சேர்த்து ஒரே மருந்து.

## திறந்து பார்த்த பிறகே நகல்

எடுத்த நகலைத் திறந்து பாருங்கள். மொத்த அளவும் கோப்பு எண்ணிக்கையும் ஒத்திருக்கிறதா, வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து பத்துக் கோப்புகள் முழுதாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். வீடியோவைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிப் பாருங்கள். பாதியில் அறுந்த நகல் அங்கேதான் பிடிபடும்.

போன தையில் என் மனைவியிடம் டிஸ்கையும் ஒரு தாளையும் கொடுத்து, நான் இல்லாததுபோல நினைத்துக்கொண்டு மகளின் காதுகுத்து வீடியோவை எடுத்துக் காட்டச் சொன்னேன். வேறு அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். நாற்பது நிமிடம் ஆனது. கடவுச்சொல் சரியாகப் போட்டாள். ஃபோல்டர்களுக்கு நான் என் வசதிக்கு வைத்திருந்த சுருக்கப் பெயர்கள்தான் அவளைச் சுற்றவிட்டன. அன்று இரவே இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆண்டு, விசேஷம் என்று அவள் சொல்லச் சொல்ல மாற்றினோம். தாளை அவளே தன் கையெழுத்தில் புதிதாக எழுதினாள். ஒரு பிரதி நகைப்பெட்டியில் இருக்கிறது, இன்னொன்று அக்கா வீட்டு டிஸ்கோடு. அப்பாவின் பதினோரு நிமிடம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை அந்தத் தாளின் முதல் வரியில் எழுதியிருக்கிறாள்.